ட்ரெய்லர் வாலாட்டுதா, கார் பின்னாடி உக்காருதா, சக்கரம் சுடுதா: எதை முதல்ல பாக்கணும், எப்ப கடைக்குப் போகணும்

சிட்னி வெஸ்ட்ல எங்க தெருப்பக்கம் சொந்தமா பாக்ஸ் ட்ரெய்லர் வெச்சிருக்கறவங்க ரெண்டு மூணு பேருதான், அதுல நானும் ஒருத்தன். 6க்கு 4 அடி, பிரேக் இல்லாத சாதாரண ட்ரெய்லர். வீடு மாத்தறவங்க, தோட்டத்துக்கு மண்ணு எடுக்கறவங்க, பொங்கல் விழாவுக்கு அண்டா அடுப்பு ஏத்திட்டுப் போறவங்கனு வருஷம் முழுக்க யாராவது வாங்கிட்டுப் போவாங்க, திருப்பிக் கொண்டாந்து விடும்போது சொல்ற கம்ப்ளெயின்ட் மட்டும் எப்பவும் அதே ஏழெட்டுதான். ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல தனித்தனியா டைப் பண்ணிட்டு இருந்தேன், இப்ப எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடறேன். இதுல இருக்கற சட்டமெல்லாம் ஆஸ்திரேலியாவுக்கு உள்ளது, வேற நாட்டுல இருக்கறவங்க நம்பரை மட்டும் உங்க ஊர்ல சரிபாத்துக்கோங்க, செக் பண்ற முறை எங்கயும் ஒன்னுதான்.

எந்த பிரச்சனைனாலும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க. ஒன்னு ட்ரெய்லரோட முன்பக்கம் அடிச்சிருக்கற தகடு, அதுல ஏடிஎம்னு ஒரு எடை இருக்கும், ட்ரெய்லரும் லோடும் சேர்ந்து அதைத் தாண்டக்கூடாது. இன்னொன்னு காரோட டோ பார்ல, அதாவது ட்ரெய்லர் மாட்ட கார் பின்னாடி இருக்கற இரும்புச் சட்டத்துல இருக்கற தகடு, அதுல எவ்ளோ இழுக்கலாம், பால் (ட்ரெய்லர் மாட்டற இரும்பு உருண்டை) மேல எவ்ளோ எடை உக்காரலாம்னு போட்டிருக்கும். கார் மேனுவல்ல பிரேக் இருக்கற ட்ரெய்லருக்கு ஒரு நம்பர், இல்லாததுக்கு ஒரு நம்பர் இருக்கும், உதாரணத்துக்கு கியா கார்னிவல்னா 2000 கிலோ, 750 கிலோ. சில சின்ன ஹைப்ரிட் கார்ல அது 400 கிலோதான், சிலதுல இழுக்கவே கூடாதுனு போட்டிருப்பான். கார், டோ பார், ட்ரெய்லர் மூணுல எது கம்மியோ அதுதான் உங்க கணக்கு.

## ட்ரெய்லர் இடதும் வலதுமா வாலாட்டுது

எல்லாத்துலயும் இதுதான் ஆபத்து, அதனால இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

### ஓட்டிட்டு இருக்கும்போதே ஆட ஆரம்பிச்சா

ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுங்க, ஸ்டீயரிங்கை நேரா கெட்டியா பிடிச்சுக்கோங்க, அவ்ளோதான். ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி சரிபண்ணப் பாக்காதீங்க, நம்ம கை எப்பவும் ஒரு நொடி லேட்டா போகும், அதனால ஆட்டம் கூடத்தான் செய்யும். கார் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க, வேகம் கூட்டுனா நேராயிடும்னு யாராவது சொன்னா கேக்கவே கேக்காதீங்க. எலக்ட்ரிக் பிரேக் இருக்கற ட்ரெய்லர்னா காருக்குள்ள இருக்கற கன்ட்ரோலர்ல ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால லேசா போடலாம், பின்னாடி இருந்து பிடிச்சு இழுத்த மாதிரி நேராயிடும். அடங்குனதும் பாதுகாப்பான இடமா பாத்து ஓரம் கட்டுங்க. இனிமே 70லயே போயிடலாம்னு அப்படியே ஓட்டிட்டுப் போகாதீங்க, இறங்கி லோடைப் பாருங்க.

### நிறுத்துனதும் முதல்ல பாக்க வேண்டியது: பால் மேல எடை இருக்கா

நான் பாத்த வரைக்கும் பத்துல எட்டு தடவை காரணம் இதுதான். ஒரு நண்பர் வென்ட்வொர்த்வில்லேர்ந்து ஸ்கோஃபீல்ட்ஸுக்கு வீடு மாத்துனாரு. புது வீட்ல முதல்ல ஃப்ரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் இறக்கணும், அதனால அது ரெண்டையும் கடைசியா ஏத்துவோம்னு டெயில்கேட் பக்கம் வெச்சுட்டாங்க, முன்னாடி மெத்தை, துணி மூட்டை, பிளாஸ்டிக் டப்பா. டபுள் டோர் ஃப்ரிட்ஜ் 100 கிலோ, ஃப்ரன்ட் லோடர் 75 கிலோ, ரெண்டும் அச்சுக்குப் பின்னாடி. எம்7 மோட்டர்வேல 90 தொட்டதும் ஆட ஆரம்பிச்சுருக்கு, அவர் மனைவி கைக்குழந்தையோட பின் சீட்ல இருந்திருக்காங்க. போன் பண்ணாரு, போய்ப் பாத்தேன், கழட்டி ட்ரெய்லரோட மூக்கை ஒரு கையால தூக்கிட்டேன். அந்த மூக்குல எடையே இல்ல, அதுதான் வாலாட்டத்துக்குக் காரணம்.

பண்ண வேண்டியது இது: மொத்த ட்ரெய்லர் எடைல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு பால் மேல உக்காரணும், 700 கிலோனா சுமார் 70 கிலோ. இதை வீட்லயே அளக்கலாம், பாத்ரூம்ல எடை பாக்கற மெஷினை சமமான தரைல வெச்சு அது மேல பால் உயரத்துக்கு ஒரு கட்டையை நிறுத்தி, ஜாக்கி வீலை (ட்ரெய்லர் மூக்குக்கு அடில இருக்கற சின்ன சக்கரம்) தூக்கி மூக்கை அந்தக் கட்டை மேல இறக்குனா நம்பர் வந்துடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காம இதைப் பண்ணாதீங்க, மெஷினோட அதிகபட்ச அளவையும் முன்னாடியே பாத்துக்கோங்க. கம்மியா வந்தா கனமான சாமானை அச்சுக்கு நேர் மேலயும் கொஞ்சம் முன்னாடியும் நகத்துங்க, மொத்த எடைல நூத்துக்கு அறுவது அச்சுக்கு முன்னாடி இருந்தா போதும். எதை முதல்ல இறக்கணும்ங்கறதை வெச்சு ஏத்தாதீங்க, எது கனமோ அது நடுவுல, அடில.

### பால் எடை சரியா இருந்தும் ஆடுனா

அடுத்து காத்து. காரோட பின் டயர்லயும் ட்ரெய்லர் டயர்லயும் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும். அடுத்து ரசமட்டம் வெச்சுப் பாருங்க, ட்ரெய்லர் மூக்கு வானத்தைப் பாத்துட்டு இருந்தா டோ பால் மவுன்ட் உயரம் தப்பு, கீழ இறங்குன மாதிரி வேற மவுன்ட் வாங்கிப் போட்டா சரியாயிடும். அதுக்கப்புறம் லோடோட உயரம், பீரோவை நிக்க வெச்சு ஏத்துனா பக்கத்துல ஒரு பி-டபுள் லாரி (ரெண்டு ட்ரெய்லர் கோத்த நீள லாரி) போனாலே தள்ளும், படுக்க வைங்க. வெறும் கார்ல ஆட்டமே தெரியாத வேகத்துல ட்ரெய்லரோட ஆடும்ங்கறதையும் மனசுல வெச்சுக்கோங்க, என் ட்ரெய்லர் வாங்கறவங்ககிட்ட நான் 90க்கு மேல வேண்டாம்னுதான் சொல்வேன்.

### எப்ப கடைக்கு

ட்ரெய்லரைத் தனியா நிறுத்தி பின்னாடி இருந்து பாத்தா ஒரு சக்கரம் சாஞ்சு நிக்குதா, ஸ்பிரிங்கை அச்சோட பிடிச்சிருக்கற யு-போல்ட் நகந்திருக்கா, டோ பார் வெல்டிங்ல முடி மாதிரி விரிசல் தெரியுதா, இதுல எது இருந்தாலும் லோடு ஏத்தாம கடைக்குக் கொண்டு போங்க. வெல்டிங்கை வீட்ல ஒட்டிக்கலாம்னு நினைக்காதீங்க.

## கார் பின்பக்கம் உக்காந்துடுச்சு, ஸ்டீயரிங் லேசாயிடுச்சு

எதிர்ல வர்றவங்க லைட்டை அணைச்சு அணைச்சுப் போட்டாங்கன்னா உங்க ஹெட்லைட் மேல பாத்துட்டு இருக்குனு அர்த்தம். மழைல மேட்டுல எடுக்கும்போது முன் சக்கரம் பிடிப்பில்லாம சுத்துதுன்னாலும் இதேதான்.

முதல் காரணம், வாலாட்டத்துக்குப் பயந்து எல்லாத்தையும் முன்னாடி குவிச்சுட்டது. பால் எடையை அளந்து, டோ பார் தகடுல இருக்கற நம்பரைத் தாண்டுனா பின்னாடி நகத்துங்க. ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல 3 மீட்டர் இருக்கற கார்ல, பின் அச்சுலேர்ந்து 1.2 மீட்டர் தள்ளி இருக்கற பால் மேல 75 கிலோ வெச்சா பின் சக்கரத்துக்கு 75 இல்ல, 105 கிலோ ஏறும், முன் சக்கரத்துலேர்ந்து 30 கிலோ குறையும். ஸ்டீயரிங் லேசாகறது அதனாலதான்.

ரெண்டாவது காரணம் காருக்குள்ளயே இருக்கு. காருக்கு ஜிவிஎம்னு ஒரு அதிகபட்ச எடை இருக்கு, அதுல காலி கார் எடையைக் கழிச்சா மிச்சம் எவ்ளோவோ அதுக்குள்ள ஆளுங்க, சாமான், ரூஃப் பாக்ஸ், டோ பார், பால் எடை எல்லாமே அடங்கணும். மிச்சம் 600 கிலோனு வெச்சுக்குவோம். ஏழு பேர், பெரியவங்க அஞ்சு குழந்தைங்க ரெண்டு, 430 கிலோ போச்சு. டோ பார் 30, பால் எடை 75, அப்ப டிக்கிக்கு 65 கிலோதான் மிச்சம். ஒரு இருபது கிலோ அரிசி மூட்டை, ரெண்டு சூட்கேஸ், ஒரு கூலர் பாக்ஸ் வெச்சதும் முடிஞ்சுது. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது எல்லாரையும் ஏத்திட்டு ட்ரெய்லரும் மாட்டிட்டுப் போறது இந்தக் கணக்குல பெரும்பாலும் உதைக்கும், ரெண்டு காரா போங்க. ரூஃப் ரேக்குக்கும் தனி அளவு உண்டு, நிறைய கார்ல 75 இல்ல 100 கிலோதான், அதுல ரேக்கோட எடையும் சேத்தி.

சந்தேகமா இருந்தா எடை மேடைக்குப் போயிடுங்க. பெரிய லேண்ட்ஸ்கேப் யார்டுலயும் குப்பைக் கிடங்குலயும் இருக்கும், கேட்டா போட்டுத் தருவாங்க. ஆளுங்க எல்லாரும் கார்லயே உக்காந்திருக்க, ட்ரெய்லர் மாட்டுனபடியே எல்லாத்தையும் மேடைல ஏத்துனா வர்றது மொத்த எடை, அது ஜிசிஎம்முக்குள்ள (காரும் ட்ரெய்லரும் சேர்ந்து இருக்கக்கூடிய அதிகபட்ச எடை) இருக்கணும். காரோட நாலு சக்கரம் மட்டும் மேடைல இருக்கும்போது வர்றது ஜிவிஎம்முக்குள்ள. கடைசியா ட்ரெய்லரைக் கழட்டி அதை மட்டும் நிக்க வெச்சு எடுத்தா ஏடிஎம்முக்குள்ள. இந்த மூணு சீட்டு கைல இருந்தா அப்புறம் யாரோட வாதாடவும் வேண்டாம்.

எடையெல்லாம் சரி, இன்னும் உக்காருதுன்னா ஷாக் அப்சார்பர் இல்ல ஸ்பிரிங் தளந்திருக்கும், காலி கார்லயே ரெண்டு பக்கமும் உயரம் அளந்து பாருங்க, வித்தியாசம் இருந்தா சஸ்பென்ஷன் கடை. ஹெவி டியூட்டி ஸ்பிரிங் போட்டா காரோட நிப்பு நேராகும், ஆனா ஜிவிஎம் ஏறாது, இதுல நிறைய பேர் ஏமாந்துடறாங்க.

## பிரேக் போட்டா பின்னாடி இருந்து தள்ளுது

பிரேக் இல்லாத ட்ரெய்லர்னா முக்கால்வாசி ஓவர்லோடுதான், அதுலயும் மண்ணு. 6க்கு 4 ட்ரெய்லர், 1.8 மீட்டர் நீளம், 1.2 அகலம், 30 சென்டிமீட்டர் உயரம், நிரப்புனா 0.65 கன மீட்டர் வரும். காஞ்ச மணல் ஒரு கன மீட்டர் 1600 கிலோ, அப்ப தலைதட்டி நிரப்புன ட்ரெய்லர்ல 1000 கிலோவுக்கு மேல மணல் இருக்கும். ட்ரெய்லரோட ஏடிஎம் 750, காலி எடை 250னா ஏத்தக்கூடியது வெறும் 500 கிலோ. உயரத்துல சொன்னா 14 சென்டிமீட்டர், பாதி கூட இல்ல! மழைல நனைஞ்ச மணல்னா இன்னும் கம்மி. யார்டுல லோடர் டிரைவர் பக்கெட்டைக் கவுத்துட்டுப் போயிடுவாரு, நம்மதான் அரை பக்கெட் போதும்னு கை காட்டணும். நான் என் ட்ரெய்லர் உள்பக்கம் 14 சென்டிமீட்டர்ல சிவப்பு பெயின்ட் கோடு போட்டு வெச்சிருக்கேன், மணல்னா அந்தக் கோடு, மரத்தூள் மல்ச்னா விளிம்பு வரைக்கும் ஓகே.

லோடு சரின்னா காரோட சொந்த பிரேக்கைப் பாருங்க, பேட் தேஞ்சு போயிருந்தா காலி கார்ல தெரியாது, ட்ரெய்லர் மாட்டும்போதுதான் காட்டிக் கொடுக்கும்.

இங்க சட்டப்படி அச்சு எடை 750 கிலோவைத் தாண்டுனா ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேணும், 2000 கிலோ தாண்டுனா எல்லா சக்கரத்துலயும் பிரேக், கூடவே ட்ரெய்லர் கழண்டுட்டா தானா பிரேக் பிடிக்கற பிரேக்அவே சிஸ்டம். பிரேக் இருக்கற ட்ரெய்லர் தள்ளுச்சுன்னா, ஓவர்ரைடு டைப்ல (ட்ரெய்லர் காரை முன்னாடி தள்ளும்போது அந்தத் தள்ளல்லயே பிரேக் பிடிக்கறது) ரிவர்ஸ் எடுக்க போடற லாக்கைத் திருப்பி எடுக்காம விட்டுட்டாங்களானு முதல்ல பாருங்க, அடுத்து கேபிள் தொங்குதா. எலக்ட்ரிக் டைப்ல பிளக் ஒழுங்கா மாட்டியிருக்கா, கன்ட்ரோலர் லைட் எரியுதா, காலி மைதானத்துல 20 கிலோமீட்டர் வேகத்துல கையால போட்டா ட்ரெய்லர் இழுக்குதா. இழுக்கலைன்னா அங்கேயே நிறுத்திக்கோங்க, டிரம்மைக் கழட்டற வேலை பிரேக் தெரிஞ்சவங்களுக்குத்தான்.

## இறக்கத்துல பிரேக் நாத்தம் வருது, ஏத்தத்துல கார் சூடாகுது

வொலங்காங் போற வழில மவுன்ட் ஊஸ்லி இறக்கத்துல இது நடக்கும். ஹெலன்ஸ்பர்க் கோயில் வரைக்கும் நல்லாத்தான் வந்தோம், கீழ இறங்கும்போது ரப்பர் கருகுன மாதிரி நாத்தம், பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆயிடுச்சுனு சொல்வாங்க. இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியரைக் குறைங்க, ஆட்டோமேட்டிக்லயும் மேனுவல் மோடு இல்ல எல் இருக்கும், இன்ஜின் பிடிச்சு இழுக்கட்டும். கால் பிரேக்கை விடாம தேச்சுட்டே வராதீங்க, போட்டு வேகம் குறைச்சு முழுசா விடுங்க, மறுபடி போடுங்க. பெடல் பஞ்சாயிட்டா நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்க, சூடான சக்கரத்துல தண்ணி ஊத்தாதீங்க. ஆறுனதுக்கு அப்புறமும் பெடல் பஞ்சாவே இருந்தா ஓட்டாதீங்க, டோ டிரக்தான்.

ஏத்தத்துல டெம்பரேச்சர் முள் ஏறுனா ஏசியை ஆஃப் பண்ணி வேகத்தைக் குறைங்க, ஓவர்டிரைவ் ஆஃப் பண்ணுங்க. கியர் மாறும்போது வழுக்குற மாதிரி இருந்தாலோ கியர்பாக்ஸ் வார்னிங் லைட் வந்தாலோ அந்த டிரிப் அங்கயே முடிஞ்சுதுனு வெச்சுக்கோங்க, அடுத்த இருபது கிலோமீட்டர் ஓட்டறதுதான் கியர்பாக்ஸையே மாத்த வைக்கும்.

## ட்ரெய்லர் சக்கரம் சுடுது, உறுமல் சத்தம்

கிளம்பி இருபது முப்பது கிலோமீட்டர்ல ஒரு தடவை நிறுத்தி ரெண்டு சக்கரத்தோட நடுப்பகுதியையும் தொட்டுப் பாருங்க. வெதுவெதுன்னா சரி. ஒன்னு மட்டும் கை வைக்க முடியாம சுட்டா, பிரேக் இருக்கற ட்ரெய்லர்னா பிரேக் ஒட்டிட்டு இருக்கலாம், இல்லாததுன்னா பேரிங்தான்.

வீட்ல ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னா பேரிங் தளந்திருக்கு, சுத்தும்போது கரகரன்னா தேஞ்சிருக்கு. தளந்தது மட்டும்னா நடு நட்டை லேசா இறுக்கி புது காட்டர் பின் போட்டா முடிஞ்சுது. கரகரன்னா பேரிங் செட் மாத்தணும், ஆர்டர் பண்றப்ப ஹோல்டன் டைப்பா ஃபோர்டு டைப்பானு கேப்பாங்க, பழைய பேரிங்ல இருக்கற நம்பரைப் படிச்சு சொல்லிடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கிரீஸ் மாத்தறது நல்லது, போட்டை தண்ணில இறக்கறவங்கன்னா இன்னும் அடிக்கடி. பேரிங் உக்கார்ற இடத்துல அச்சு நீலமா கருகியிருந்தாலோ கோடு விழுந்திருந்தாலோ அச்சையே மாத்த வேண்டி வரும், அது கடை வேலை.

சக்கரம் கழட்டி மாட்டுனா 50 கிலோமீட்டர் ஓடுனதும் நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்க.

## டயர் வெடிக்குது, இல்ல ஒரு ஓரம் மட்டும் தேயுது

ட்ரெய்லர் டயர் ஓடித் தேயறதை விட நின்னே கெட்டுப்போறதுதான் அதிகம். சைடுல நாலு நம்பர் இருக்கும், 2316னா 2016ல 23வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருக்கே, ஏன் மாத்தணும்னு கேப்பாங்க, சைடுல வெடிப்பு இருந்தா பட்டன் எவ்ளோ இருந்தாலும் போச்சு. காத்து அளவு காருக்கு அடிக்கற 32ஐ அப்படியே அடிச்சுடறாங்க, எல்டி (லைட் டிரக்) டயருக்கு முழு லோடுல அது பத்தாது, ட்ரெய்லர் தகடுல போட்டிருக்கற அளவு வைங்க. நடு தேஞ்சா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் தேஞ்சா கம்மி, ஒரே ஓரம்னா அச்சு வளைஞ்சிருக்கு, கடை.

## லைட் எரியல, இல்ல மாத்தி மாத்தி எரியுது

இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேந்து மின்னுதா, வேற எதையும் தேடாதீங்க, எர்த் பிரச்சனை. வெள்ளை ஒயர் ட்ரெய்லர் பாடில போல்ட் ஆகற இடத்தைத் தேடி, துருவை உப்புத்தாள் போட்டுத் தேச்சு இறுக்குங்க. ஒன்னு மட்டும் எரியலைன்னா பல்பு, அப்புறம் பிளக் பின்ல பச்சை பூத்திருக்கா பாருங்க. ஒயர் கலர் இங்க எல்லாத்துக்கும் ஒன்னுதான்: மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், பிரவுன் டெயில், கருப்பு ரிவர்ஸ், நீலம் எலக்ட்ரிக் பிரேக். எதுவுமே எரியலைன்னா வேற ஒரு கார்ல மாட்டிப் பாருங்க, அங்க எரிஞ்சா ட்ரெய்லர் நல்லாத்தான் இருக்கு, உங்க கார் ஃபியூஸ். ஃபியூஸும் சரின்னா புது கார்ல டோயிங் மாட்யூல்னு ஒன்னு இருக்கும், அதுல கை வைக்காம ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போங்க, ஒயரை நடுவுல வெட்டி ஜாயின்ட் போட்டா காரோட கம்ப்யூட்டரே குழம்பிடும்.

## கிளம்பும்போதும் நிக்கும்போதும் டக் டக்னு சத்தம்

சாதாரணமா இது பாலுக்கும் கப்ளிங்குக்கும் (பால் மேல கவுந்து பூட்டற ட்ரெய்லரோட மூக்குப் பகுதி) நடுவுல இருக்கற ஆட்டம். பால் 50 மில்லிமீட்டர், கப்ளிங்கும் 50 தானானு பாருங்க, அமெரிக்க அளவு பால் வேற. அளவு சரின்னா கப்ளிங் அடில இருக்கற அட்ஜஸ்ட்மென்ட் நட்டை கொஞ்சம் இறுக்குங்க. பால் ஒரு பக்கம் தட்டையா தேஞ்சிருந்தா புதுசு போடுங்க, விலை பெருசில்ல.

ஆனா முதல்ல பூட்டியிருக்கானு நிச்சயம் பண்ணுங்க. கப்ளிங்கைப் பூட்டுனதும் ஜாக்கி வீலைச் சுத்தி ட்ரெய்லர் மூக்கை மேல தூக்குங்க, காரோட பின்பக்கமும் சேந்து எழும்புனா பூட்டியிருக்கு, மூக்கு மட்டும் வந்தா பால் மேல சும்மா உக்காந்திருக்கு. பாத்துட்டு ஜாக்கி வீலை முழுசா மடக்குங்க. சேஃப்டி செயினை எடை போட்ட டி-ஷேக்கிள்ல மாட்டி பின்னை நல்லா திருகுங்க, ஒருத்தர் சாவி வளையம் மாதிரி ஒரு சின்ன கொக்கில மாட்டிட்டு வந்து நின்னாரு, நான் ட்ரெய்லரை அனுப்பல, கடைக்குப் போய் ஷேக்கிள் வாங்கிட்டு வந்தப்புறம்தான் விட்டேன்.